ரெண்டாவது தடவை கேட்டால்

உருளைக்கிழங்குதான், சந்தேகமே இல்லை. கூடவே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயில் சின்னத் தீயில் வதங்குகிறது. வீட்டுக்கார அம்மாள் எதையும் அவசரமாகச் செய்கிறவள் இல்லை, முட்டையை அடித்து ஊற்ற இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், ஊற்றினபிறகு மேலே ஒரு தட்டை மூடிச் சட்டியோடு கவிழ்த்துத் திருப்பிப் போடுவாள், அந்தத் 'தொப்' சத்தம் இந்த அறைவரைக்கும் கேட்கும். சென்னியப்பன் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதற்காகத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நான் பாட்டுக்குப் படுத்திருக்கிறேன், சமையல் சத்தம் எனக்கென்ன என்பார். ஆனால் வயிறு அவர் பேச்சைக் கேட்பதில்லை, ஆறு வாரமாகவே கேட்பதில்லை. மணி எட்டரை தாண்டிவிட்டது, வெளியே இன்னும் வெயில். இந்த ஊரில் சூரியனுக்கு வீட்டுக்குப் போகவே மனசு வருவதில்லை. எதிரில் இருக்கிற மாதா கோயில் கோபுரத்தில் மஞ்சள் கல்லெல்லாம் பழுத்துக் கிடக்கிறது, அதன் உச்சியில் கூடு கட்டியிருக்கிற நாரை ஒற்றைக் காலில் நின்று கீழே பார்க்கிறது. மேசைமேல் ரெண்டு வாழைப்பழம், பாதி பிஸ்கட் பாக்கெட், அதற்குப் பக்கத்தில் இன்று மத்தியானம் கொடுத்த சான்றிதழ். சான்றிதழ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. திரு. சென்னியப்பன், இந்தியா, ஆறு வாரம் வந்து உட்கார்ந்திருந்தார் என்று போட்டிருக்கிறது. மதிப்பெண் கிடையாது, தேர்வு கிடையாது, இதை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்தக் கதவையும் தட்ட முடியாது. பெருந்துறைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் எலக்ட்ரிகல் பாடம் எடுத்து, ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்ட மனுஷன், அறுபத்திரண்டு வயசில் மார்க்கே இல்லாத ஒரு படிப்புக்கு ஸ்பெயின் நாட்டில் சாலமங்கா என்கிற ஊருக்கு வந்து, காலையில் மொழி, மத்தியானம் நாட்டியம், மியூசியம், சமையல் என்று இருபது வயசுப் பிள்ளைகளோடு சுற்றிவிட்டு, உள்ளூர்க்காரர் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டோடு தங்கி அந்த மொழியிலேயே முங்கி எழுந்திரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லாம் நடந்தது. ராத்திரிச் சாப்பாடு மட்டும் நடக்கவில்லை.

அது முதல் நாளே கெட்டுப்போய்விட்டது. அந்த அம்மாள் பெயர் ரெமெடியோஸ். எழுபது இருக்கும், தனிக்கட்டை, பூப்போட்ட ஏப்ரன், கொஞ்சம் கால் வலி. பெட்டியை வைத்துவிட்டு அவர் முகம் கழுவி வந்தபோது மேசையில் ஒரு தட்டு தயாராக இருந்தது, வட்டமாக, பொன்னிறமாக, ஆவி பறக்க. அவள் தட்டைக் காட்டி என்னவோ கேட்டாள். கேட்டது என்னவென்று யாருக்குத்தான் தெரியாது. உலகத்தில் எந்த மொழியில் கேட்டாலும் அந்தக் கேள்வி புரிந்துவிடும். விமானத்தில் கொடுத்ததை அவர் தொடவில்லை, குடல் காய்ந்து கிடந்தது. ஆனாலும் வாய், பழகின வாய், அறுபத்திரண்டு வருஷம் ஒறம்பரை, சொந்தபந்தம் என்று வீடு வீடாகப் பழகின வாய், தானாகச் சொன்னது, "நோ, கிராத்தியாஸ்." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்துக் கையையும் ஒரு ஆட்டு ஆட்டினார். அடுத்தது அவள் முறை. அட, அதெப்படி, தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், ஒரு வாயாவது என்று அவள் சொல்ல வேண்டும், இவர் இல்லைங்க வேண்டாங்க என்று இன்னொருதரம் இழுக்க வேண்டும், அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கோபித்துக்கொள்வதுபோல் பார்க்க வேண்டும், அப்புறம் சரி, உங்களுக்காக என்று உட்கார வேண்டும். இது ஒரு விளையாட்டும் இல்லை, பொய்யும் இல்லை. ஈரோட்டுக்கும் கோபிக்கும் நடுவில் எந்த வீட்டிலும் சோறு இலையில் விழுவதற்கு முன்னால் நடக்கிற காரியம் இது. கேட்டவுடனே வேணும் என்கிறவன் காணாததைக் கண்டவன், முதல்தடவை வேண்டாம் என்றதும் விட்டுவிடுகிறவள் வெறும் வாய்வார்த்தைக்குக் கேட்டவள். ரெமெடியோஸ் "பாலே" என்றாள். சரி என்று அர்த்தம். தட்டை எடுத்துக்கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்து மூடினாள். சென்னியப்பன் அந்தச் சிரிப்போடேயே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் பழைய வாய்தான் பதில் சொல்லிற்று. மூன்றாம் நாளிலிருந்து அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். போதாததற்கு, எதிர்வீட்டுக்காரியிடம் கதவோரம் நின்று எங்கள் இந்தியக்காரர் ராத்திரியில் சாப்பிடுவதே இல்லை, அதனால்தான் உடம்பு சிக்கென்று இருக்கிறது என்று அவள் பெருமையடித்துக்கொண்டதையும் அவர் கேட்டார். அவருக்கு முழுசாகப் புரிந்த முதல் ஸ்பானிய வாக்கியம் அது. அதற்கப்புறம் என்னவென்று போய்ச் சொல்வது. வீட்டுக்குள் ஸ்பானிஷ் தவிர வேறு பேசக் கூடாது என்பது படிப்பின் கட்டளை, அவருக்கோ மூன்று வயசுக் குழந்தையின் வார்த்தைகள்தான் கையில் இருந்தன. அம்மா, எங்கள் பக்கத்தில் முதல்தடவை சொல்கிற 'வேண்டாம்' நிஜமான வேண்டாம் இல்லை என்பதை அந்த வார்த்தைகளில் எப்படிக் கட்டுவது. தமிழிலேயே அதை யாரும் யாருக்கும் சொன்னதில்லையே.

சம்சாரம் பாவாத்தாளுக்குச் சொல்லவே வேண்டியிருந்ததில்லை. நினைக்கக் கூடாது என்று நினைத்தால் முதலில் அவள்தான் வருகிறாள், கரண்டியோடு. அவர் போதும் என்று இலைக்குமேல் கையை மறைத்தால், "கைய எடுங்க, இல்லீன்னா கை மேலயே ஊத்திப்போடுவேன்" என்பாள். ஒருதரம் ஊற்றியே விட்டாள், சுடச்சுட ரசம், விரல் சந்திலெல்லாம். அவர் 'ஆ' என்று கையை இழுக்க, அந்த இடைவெளியில் சோறு விழுந்துவிட்டது. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்ட சாதம், அதன்மேல் நெய், அந்த வாசனை இப்போது எங்கிருந்து வருகிறது, வராது, உருளைக்கிழங்குதான் வருகிறது. அவள் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அவருடைய வேண்டாமை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறவர்கள்தான் உலகம் முழுக்க இருக்கிறார்கள் போலிருக்கிறது. மகள்கூட. கோகிலவாணி அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. இல்லை என்று யார் சொன்னது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒறம்பரையெல்லாம் போனபிறகு, காலிப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள், "எங்ககூட வந்துருங்கப்பா. மாட்ரிட்ல வீடு பெருசாத்தான் இருக்குது. மார்கோஸும் சொல்றாரு." மார்கோஸ் அவள் புருஷன், அந்த நாட்டுப் பையன், நெட்டையாக, எதற்கெடுத்தாலும் தோளைக் குலுக்கிக்கொண்டு நல்லவனாகத்தான் இருக்கிறான், கோபி மண்டபத்தில் நடந்த வரவேற்பில் கையால் பிசைந்து சாப்பிட்டு வேட்டியெல்லாம் ரசமாக்கிக்கொண்டவன். இவர் சொன்னார், "எனக்கென்ன கண்ணு கொறைச்சல். நான் பாட்டுக்கு இங்க இருந்துக்குவேன். உங்களுக்கெதுக்குச் சிரமம்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி நின்றார், அடுத்ததற்காக. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்கப்பா, உங்க இஷ்டம்" என்றாள். அந்தச் சரியோடு அவர் ரெண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தார். ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளர், டிவியில் யாரோ சமைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம்தான் இந்தப் படிப்பு. சும்மா ஒரு ஆசை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். கோபியில் நடைப்பயிற்சி நண்பர்கள் ஏனுங்க, இந்த வயசுல எந்த ஆபீசுக்குப் போகப்போறீங்க என்று கிண்டலடித்தார்கள். ஆசையாவது மண்ணாவது. ரெண்டாவது தடவை கூப்பிடாமல் மகள் வீட்டுக்குப் போக முடியாது, ஆனால் மகள் இருக்கிற நாட்டுக்குப் படிக்கப் போகலாம். ஒரு பைத்தியக்காரனும் செய்யாத வேலை, கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்து தாகம் என்று மட்டும் சொல்லாமலிருக்கிற வேலை. கோகிலா போனில் குதித்தாள். "சூப்பருங்கப்பா! மாட்ரிட்லயே இதே மாதிரி கோர்ஸ் இருக்குது, நம்ம வீட்டுலயே தங்கிக்கலாமே?" "அது எதுக்குக் கண்ணு, நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவீங்க." "சரிங்கப்பா." விமானம் இறங்கினதும் ரெண்டு பேரும் வந்து காரில் ஏற்றி நேராக இந்த ஊருக்குக் கூட்டிவந்தார்கள், மறுநாள் காலையிலேயே வகுப்பு. போகும்போது, "வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்கப்பா, மார்கோஸ் வந்து கூட்டிட்டு வருவாரு" என்றாள். "எதுக்குச் சாமி அலைச்சல், படிக்கறதுக்கு எத்தனையோ இருக்குது." "சரிங்கப்பா." ஆக, மூன்று முறை கேட்டிருக்கிறாள். யாராவது வெளியாள் பார்த்தால் மூன்று முறை கேட்டாளே ஐயா, இன்னும் என்ன என்பான். அவர் கணக்கு வேறு. மூன்றும் முதல்முறைதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெண்டாவது முறை இருக்கிறது, அதை அவள் இன்னும் தரவில்லை. நடுவில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள், பெரிய சதுக்கத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்தார்கள், பில் வந்தது, போனாள். மகளோடு காப்பி குடிக்கக் கடைக்குப் போகிற அப்பன். நாளன்றைக்கு ஞாயிறு மத்தியானம் ஊருக்கு விமானம். அவள் வீட்டு வாசல்படி மரமா, கல்லா, சிமெண்டா என்று தெரியாமலே போய் இறங்கப் போகிறார். ஊரில் கேட்பார்கள், பாப்பா வீடு எப்படிங்க இருக்குது என்று. நல்லா இருக்குது என்று சொல்ல வேண்டியதுதான்.

சட்டியைத் திருப்புகிற சத்தம் இன்னும் கேட்கவில்லை. இல்லை, தெருவில் பையன்கள் கத்தினபோது கேட்காமல் போய்விட்டதோ. சென்னியப்பன் ஒருக்களித்துப் படுத்தார். அந்த அமெரிக்கப் பெண்ணின் முகம் மறுபடி வந்தது. காலையிலிருந்து இது ஒரு தொல்லை, பல்லில் சிக்கின பாக்குத்தூள் மாதிரி. கடைசி வகுப்பு என்று ஆசிரியை எல்லாரையும் ஜோடி ஜோடியாக எழுப்பி நிறுத்தினாள், ஒருத்தர் வீட்டுக்கு அழைக்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், எல்.கே.ஜி. வேலை. இவருக்கு ஜோடி அந்தப் பெண், மேகன். பத்தொன்பது வயசு, முகமெல்லாம் புள்ளி, தினமும் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து வகுப்பையே மணக்க வைக்கிறவள். அவள் கேட்டாள், சனிக்கிழமை என் வீட்டில் விருந்து, வருகிறீர்களா. இவர் சொன்னார், வேண்டாம், நன்றி. அவள் சரி என்று உட்காரப் போய்விட்டாள். இவர் நின்றுகொண்டே இருந்தார். ஆசிரியை முடிந்ததா என்று கேட்டாள். முடியவில்லை, அவள் இன்னொருதரம் கேட்க வேண்டும் என்று இவர் தன் குழந்தை ஸ்பானிஷில் சொன்னார். வகுப்பே சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, தாத்தா ஜோக்கடிக்கிறார் என்கிற சிரிப்பு. மேகன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை அகல விரித்து, கொஞ்சம் பயந்தமாதிரி, கொஞ்சம் நோகடிக்கப்பட்டமாதிரிக்கூட, இவரைப் பார்த்துச் சொன்னாள், "நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள். அப்புறம் எப்படி நான் கேட்பது? அது தப்பில்லையா?" தப்பு. வேண்டாம் என்கிறவரைத் திருப்பிக் கேட்பது தப்பு. இவர் உட்கார்ந்தார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பார்வை அவருக்குப் புதிதில்லை. எங்கேயோ பார்த்த பார்வை. மத்தியானம் சான்றிதழ் வாங்கும்போதும், கை தட்டும்போதும், ஆற்றுப் பாலத்தில் தனியாக நடந்து வரும்போதும் அதையே தேடிக்கொண்டு வந்தார். மாணவிகள் யாராவதா. இல்லை, அவர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள், ரெகார்டு நோட்டுக்குப் பயந்த பிள்ளைகள். பாவாத்தாளா. அவளுக்கு வேண்டாம் என்றாலே காது கேட்காது. புருவம் ரெண்டும் மேலே ஏறி, உதடு லேசாகத் துடித்து, நான்தான் சொன்னேனே என்று.

நான்தான் சொன்னேனே. ஹால். கோபி வீட்டு ஹால், ஃபேன் சத்தம், தரையில் தட்டுத் தட்டாகப் பழம், பூ, சேலை. கோகிலாவுக்கு அப்போது இருபத்து மூன்று. பாவாத்தாளின் அண்ணன் மகன், முறைப் பையன், காங்கேயத்தில் எண்ணெய் ஆலை, தங்கமான குடும்பம். கோகிலா வேண்டாம் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பொண்ணுங்க முதல்ல வேண்டாம்னுதான் சொல்லும் என்றார்கள். இவரும் சிரித்தார். ஒரு மாசம் கழித்து மறுபடி கேட்டார்கள், வேண்டாம் என்றாள். ஆடி முடியட்டும் என்று விட்டுப் பிடித்தார்கள், மறுபடி வேண்டாம் என்றாள். அத்தை வந்து கேட்டாள், மாமன் வந்து கேட்டான், பையனே போன்மேல் போன் போட்டுக் கேட்டான், அவள் சொன்ன ஒவ்வொரு வேண்டாமுக்கும் இவர்கள் இன்னும் கொஞ்சம் உபசாரம் செய்தார்கள். ரெண்டு வருஷம். கடைசியில் ஒருநாள் அவளைக் கேட்காமலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவள் அறையிலிருந்து வெளியே வந்து அந்தச் சேலையைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். மாமனை இல்லை, அம்மாவை இல்லை, இவரை. "நாந்தான் வேண்டாம்னு சொன்னனேப்பா. எத்தன தடவ சொன்னாலும் உங்களுக்கு அது கேக்கவே கேக்காதா? வேண்டாம்னா வேண்டாம்னு எடுத்துக்கறதுக்கு இந்த வீட்டுல ஒருத்தர்கூட இல்லையா?" அதேதான், புருவம், உதடு, அந்த அகன்ற கண். கத்தவில்லை, கெஞ்சினாள், அதுதான் தாங்க முடியவில்லை. தட்டைத் திருப்பி அனுப்பினார். அண்ணனும் தங்கச்சியும் நாலு வருஷம் பேசிக்கொள்ளவில்லை, அது தனிக் கதை. ராத்திரி அவள் அறை வாசலில் நின்று அவர் ஒன்று சொன்னார், வாழ்க்கையில் அவர் யாருக்கும் கொடுத்த ஒரே வாக்கு, தாலி கட்டினபோதுகூட ஐயர் சொன்னதைத்தான் சொன்னார். "இனிமே இந்த வீட்டுல நீ ஒருதடவ சொன்னாப் போதுங் கண்ணு. ரெண்டாவது தடவ உன்னய யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு." அவள் கதவைத் திறந்து வெளியே வந்து இவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், சட்டை நனைந்தது.

சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார். கட்டில் கிரீச்சென்றது. வெளியே தவிட்டுக்குருவி மாதிரி என்னவோ கூட்டமாகக் கீச்சிட்டுக்கொண்டு கோபுரத்தைச் சுற்றிப் பறந்தது. அவள் மறக்கவில்லை. அவர்தான் மறந்துவிட்டார். ரெண்டு வருஷமாக ஒவ்வொரு சரிங்கப்பாவையும் அவர் ஒரு கதவு சாத்துகிற சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், அவளோ அவர் கொடுத்ததையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தனக்கு யாரும் செய்யாத மரியாதையை, கெஞ்சி வாங்கின மரியாதையை, அப்பன் கேட்காமலே அவருக்குச் செய்துகொண்டிருந்தாள். அந்தப் பந்தல்காலடியில் இன்னொருதரம் கேட்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும், நாக்கைக் கடித்துக்கொண்டுதானே சரி என்றிருப்பாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாளே, அது அதுதானே.  இப்போது என்ன செய்வது. போன் போட்டுச் சொல்வதா, என்னவென்று. ஒன்பது மணிக்கு அவளே கூப்பிடுவாள், தினமும் கூப்பிடுகிறாள், சாப்டீங்களாப்பா என்பாள், ஆச்சு கண்ணு என்பார். தினமும் வாழைப்பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு ஆச்சு கண்ணு. இன்று அவள் ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்பாள். நானே போய்க்கறேன் கண்ணு, பஸ் இருக்குது என்று வாய் சொல்லும். சரிங்கப்பா என்பாள். முடிந்தது. வாயை நம்ப முடியாது. இந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை வீட்டு வாசலில் பட்டினி கிடப்பது. அடுக்களையில் 'தொப்' என்றது. அதே நேரம் போனும் அடித்தது.

"அப்பா, சாப்டீங்களா?"

ஆச்சு என்கிற சொல் பல்லுவரைக்கும் வந்துவிட்டது. அதைப் பிடித்து உள்ளே இழுக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"இல்லீங் கண்ணு."

"இன்னும் போடலீங்களா? ஒம்பது ஆச்சே."

"எனக்குப் போட மாட்டாங்க. மொத நாளு வேணுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன்."

"பசி இல்லீங்களா அன்னைக்கு?"

"பசிதான்."

"அப்பறம் எதுக்குங்கப்பா வேண்டாம்னீங்க?"

"ரெண்டாவது தடவ கேப்பாங்கன்னு இருந்தேன்."

அந்தப் பக்கம், தூரத்தில் மார்கோஸ் யாருக்கோ என்னவோ சொல்லிக்கொண்டு பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வந்தது. அவள் வீட்டுக் குழாய். அதைக்கூட இன்றைக்குத்தான் அவர் காது கொடுத்துக் கேட்கிறார்.

"ஆறு வாரமாவா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறெதுவோ ஆகிவிட்டது. "அப்பா."

"சொல்லு சாமி."

"என்கிட்டயும் அப்பிடித்தான் இருந்தீங்களா?"

அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு என்று சொல்லலாம். சொன்னால் அவள் நம்பிவிடுவாள், ஒரே தடவையில். அதுதான் பயமாக இருந்தது.

"ஆமாங் கண்ணு" என்றார்.

"நீங்கதானப்பா சொன்னீங்க, ஒருதடவ சொன்னாப் போதும்னு..."

"நாந்தான் சொன்னேன். நீ செஞ்சதுதான் சரி. உன்ற மேல ஒரு தப்பும் இல்ல. நான் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துட்டு நான் கத்துக்காமப் போயிட்டேன்."

"மார்கோஸப் புடிக்கலேன்னு நெனச்சுட்டிருந்தனுங்கப்பா. வீட்டுக்குள்ள கால் வெக்கவே உங்களுக்கு இஷ்டமில்லேன்னு. அந்த ஒதுக்கி வெச்ச ரூமுல துணி காயப்போட்டுட்டு இருக்கேன்."

ஒதுக்கி வைத்த அறை. இருந்திருக்கிறது. ரெண்டு வருஷமாக ஒரு அறை அவருக்காகக் காலியாக இருந்திருக்கிறது, இவர் கோபியில் டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாளைக்கு ஒரு ராத்திரிதான் மிச்சம். இதற்கு இனிமேல் அழுது என்ன.

"நாளைக்கு வரட்டுமா கண்ணு? உன்ற வூட்டுக்கு."

"காலைலயே வர்றோம்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "துணியெல்லாம் எடுத்துப் போட்டுர்றேன். அப்பா, இப்ப எந்திரிச்சுப் போயி அந்தம்மாகிட்டச் சோறு கேளுங்க. நான் வெக்க மாட்டேன், லைன்லயே இருக்கறேன்."

"இந்நேரத்துக்கு எதுக்கு, விடு, காலைல..."

"அப்பா."

சென்னியப்பன் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி, இருட்டாக இருந்த நடைவழியில் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். அடுக்களையில் ரெமெடியோஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள், எதிரில் ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி, பாதி ரொட்டி, சத்தமில்லாமல் ஓடுகிற டிவி. கோபி வீட்டிலும் இப்படித்தான், ஒற்றைத் தட்டு. ஆறு வாரமாக ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் இவரும் தனித்தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவர் பரீட்சைக்கு நிற்கிற பையன் மாதிரி நேராக நின்றார்.

"தெங்கோ ஆம்ப்ரே" என்றார். பசிக்கிறது. முதல் வாரம் கற்றுக்கொடுத்தது, இன்றுவரைக்கும் யாரிடமும் சொல்லாதது. தமிழிலும் பாவாத்தாளைத் தவிர யாரிடமும் சொன்னதாக நினைவில்லை.

ரெமெடியோஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, எதிர் நாற்காலிமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்து வீசிவிட்டு, அதை இழுத்துப் போட்டாள். பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். சென்னியப்பன் போனை ரொட்டிக்குப் பக்கத்தில் மல்லாத்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கம்மி. உள்ளே முட்டை இளக்கமாக, உருளைக்கிழங்கு வாயில் வைத்ததும் கரைந்தது. அவர் தலை நிமிரவில்லை. அவள் என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள், பாதி புரிந்தது, எதிர்வீட்டுக்காரியிடம் இனி என்ன சொல்வேன் என்பது நன்றாகவே புரிந்தது. தட்டு காலியானதும் கத்தியை எடுத்து அடுத்த துண்டின்மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாஸ்?" இன்னும்?

அவர் கை, அறுபத்திரண்டு வருஷத்துக் கை, அவரைக் கேட்காமலே போய்த் தட்டை மறைத்தது. ரெமெடியோஸ் கத்தியைத் திருப்பி எடுக்கப் போனாள். போனுக்குள் கோகிலா மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள்.

சென்னியப்பன் தன் கையைத் தானே எடுத்தார்.